பொடிச்சிமிழும் ஈயமும்

சென்ற தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மறைமலை நகரில் வாழும் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர், தம் அன்னையாரையும் மகனையும் உடனழைத்துக்கொண்டு அடியேன் இல்லத்துக்கு வந்தருளினார். அவர் கையிலிருந்த மஞ்சட்பையினுள் பழந்துணியிற் சுற்றிய பித்தளைச் சிமிழொன்று இருந்தது. உள்ளங்கை அகலமும் இரண்டு விரற்கடை உயரமும் உடையது. மூடிமேல் தேய்ந்துபோன தாமரைப்பூ. அவர்தம் பாட்டனார் நாடோறும் இடுப்பிற் செருகி வைத்திருந்த மூக்குப்பொடிச் சிமிழ் அது. பாட்டனார் காலஞ்சென்று நாற்பதாண்டுகளுக்கு மேலாயின. அன்று மூடிய மூடி பின்னர்த் திறக்கப்படவேயில்லை.

அதனைத் துலக்கிப் பூசையறையில் திருநீற்றுச் சிமிழாக வைத்துக்கொள்ள வேண்டுமென்பது அக்குடும்பத்தார் விருப்பம். மூடியோ அசைந்தபாடில்லை. தொழிற்சாலையில் தகடு அழுத்தி வடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலைபார்க்கும் மகன், "கிரைண்டரை வைத்து ஒரு கீறு கீறினால் இரண்டே நிமிடம், ஐயா" என்றான். "வேண்டாம் கண்ணு, எங்கள் மாமனார் கைப்பட்ட பொருள்" என்று அன்னையார் தடுத்தார். "வாத்தியாரையா பழைய பொருள்களின் வரலாறு தெரிந்தவர், அவர் சொல்லட்டும்" என்று என்னிடம் கொணர்ந்தனர். அச்சிமிழைத் திறந்த விதத்தையும், திறந்தபின் கண்டதையும் பின்னர்க் கூறுவாம். அதற்கு முன்னர், பொடிக்கும் அதனை இட்டுவைக்கும் கலத்துக்கும் உள்ள உறவை அன்பர்கள் சிறிது அறிதல் வேண்டும். அஃதறியாவிடின் முடிவிற் கூறுவதன் பொருள் விளங்காது.

புகையிலை நம் நாட்டுப் பூண்டன்று. கொலம்பசு 1493இல் இரண்டாம் முறை கடல்கடந்தபோது உடன்சென்ற இராமோன் பானே என்னும் துறவி, அத்தீவுகளின் மக்கள் ஒருவகைப் பொடியைக் குழலால் மூக்கில் உறிஞ்சக் கண்டு எழுதிவைத்தார். இலிசுபன் நகரில் பிரெஞ்சுத் தூதராயிருந்த சீன் நிக்கோ என்பார் ஏறத்தாழ 1560இல் புகையிலையைத் தம் அரசமாதேவிக்கு மருந்தென அனுப்பினார். அவர் பெயரே நிக்கோட்டின் என்னும் நஞ்சுக்கு வழங்கலாயிற்று. நம் நாட்டுக்குப் போர்ச்சுக்கீசியர் வாயிலாக வந்த இவ்விலை விரைந்து பரவியது. சகாங்கீர்ப் பாதுசா 1617இல் இதனைத் தடுத்து ஆணையிட்டும் பயன் விளையவில்லை. அதன்பின் தமிழ்ப் புலவர்களும் இதனை விட்டுவைக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகன்பால் புகையிலையையே தூது விடுத்துப் பாடிய நூலை, மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1939இல் அச்சிட்டு உதவினார்கள்.

புகையிலையைப் பற்றி வழங்கும் கதையொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. மும்மூர்த்திகளிடமும் ஒவ்வோர் இலை கொடுக்கப்பட்டதாம். சிவபெருமான் வைத்த வில்வத்தைக் கங்கை கொண்டுபோயிற்று. திருமால் வைத்த துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. நான்முகன் மட்டும் தன் இலையைக் கலைமகளின் நாவிற் பொதிந்து வைத்தமையால் அது போகவில்லை. ஆதலின் 'போகையிலை' எனப் பெயர் பெற்றதாம். சொல்லாராய்ச்சி என்னும் தராசில் இக்கதை நில்லாது. புகைக்கும் இலை புகையிலை, அவ்வளவே. ஆயினும் கதை கட்டியவன் பொடி போடுபவனாகவே இருந்திருத்தல் வேண்டும். இலை நல்லதாயின் போதாது, வைக்குமிடமும் நல்லதாதல் வேண்டும் என்பதை அவன் நன்கறிந்தவன்.

நிற்க. தென்னாட்டுப் பொடி ஐரோப்பியர் பொடியின் வேறானது. அவர்கள் இலையை ஊறவைத்துப் புளிக்கச் செய்து, உப்பும் மணப்பொருளும் கூட்டி அரைப்பர். நம்மவரோ இலையின் நரம்பு நீக்கி, வறுத்து, இடித்து, நெய் சேர்த்துச் சுண்ணாம்பு கலப்பர். இவ்விரண்டுமே நம் பொடிக்குச் சிறப்பு. இவ்விரண்டுமே அதற்குக் கேடு. புகையிலையில் அடங்கிக் கிடக்கும் நிக்கோட்டினைச் சுண்ணாம்பின் காரம் விடுவிக்கின்றது. நம் பொடியின் காட்டம் அதனாலாயது. அவ்வாறு விடுபட்டது மூடி தளர்ந்திருப்பின் காற்றிற் போய்விடும். அடியில் மண்போன்றதொரு தூளே எஞ்சும். சுண்ணாம்பும் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று நாளடைவில் வெறும் சுண்ணமாய்ச் செத்துப்போம். ஈரம் புகுந்தாலோ பொடி கட்டிபட்டு இறுகும். நெய் வெளிச்சத்தாலும் வெப்பத்தாலும் காறும். இரும்பும் செம்பும் பட்டால் இன்னும் விரைந்து காறும். எனவே நம் பொடிக்கு வாய்த்த கலம், காற்றை மிக விடாததாய், ஈரத்தைச் சேரவிடாததாய், நெய்யோடும் சுண்ணாம்போடும் வினைபுரியாததாய் இருத்தல் வேண்டும். இவையனைத்தும் பொருந்திய கலம் எளிதிற் கிடைப்பதன்று.

நம் முன்னோர் கண்ட முதற்கலம் பொடிமட்டை. காய்ந்த வாழைப்பட்டையை அளவாக நறுக்கி, மடித்து, நூல்கொண்டு கட்டிய சிறுபொதி அது. கடைக்காரர் பீங்கான் ஜாடியிலிருந்து நீண்ட காம்புடைய சிறு கரண்டியால் பொடியை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி அதனுட் பெய்து கொடுப்பார். பட்டையினுள்ளே வரிசை வரிசையாய்க் கண்ணறைகள் உண்டு. அவை வெயிலின் சூட்டை உள்ளே விடா. மேற்புறம் மெழுகின் வழவழப்புடையதாதலின் நெய் ஊறிப் போகாது. சுண்ணாம்பு அதனை ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று நாளைக்குரிய பொடியே அதிற் கொள்ளும். அது தீருமுன் காட்டம் குறையாது. தீர்ந்தால் மட்டையை எறிந்துவிடலாம். காசு பெறாத பொருளென்று இதனை இகழ்வாருளர். இத்துணைக் குணமும் ஒருங்கமைந்த வேறு கலத்தை எந்நாட்டிலும் யான் கண்டிலேன். இதன் குறை ஒன்றே: நெடுந்தூரம் செல்லாது, நெடுநாள் நில்லாது.

பொடி வாணிகம் ஊர்விட்டு ஊர் செல்லத் தொடங்கியபோதுதான் கலத்தின் தொல்லையும் தொடங்கிற்று. ஆங்கிலேயர் 1611இலேயே பண்டசாலை நிறுவிய மசூலிப்பட்டணத்தின் பெயர், பிற்காலத்தில் இலண்டன் கடைகளில் ஒருவகை மூக்குப்பொடிக்கே வழங்கியது. இவ்வாறு கடல்கடக்கும் பொடிக்கு வாழைப்பட்டை உதவுமா? பிறநாட்டார் இதற்குப் பட்ட பாட்டை விரிப்பிற் பெருகும். சீனர் ஈரக்காற்றுக்கு அஞ்சிச் சிறு குப்பிகளில் பொடியை அடைத்தனர். தக்கையின் அடியிலேயே ஒரு சிறு கரண்டியைப் பொருத்தினர். காங்சி மன்னர் 1696இல் அரண்மனையில் ஏற்படுத்திய கண்ணாடித் தொழிற்சாலை இக்குப்பிகளாற் புகழ்பெற்றது. ஸ்காத்லாந்தினர் ஆட்டுக்கொம்பைச் சுருட்டிக் கலமாக்கினர். அந்நாட்டு லாரன்சுகர்க் என்னும் ஊரில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மூடியின் கீலையும் மரத்தாலேயே இழைத்து மறைவாகப் பொருத்திய பெட்டிகள் செய்தனர். கீல் இடுக்கில் பொடி புகுந்து அடைத்துக்கொள்வதே மூடி கெடுவதற்கு முதற்காரணமென்பதை அத்தச்சர் கண்டறிந்திருந்தனர். பொன்னாலும் மணியாலும் பெட்டி செய்து குவித்த அரசர்களின் கதையை ஈண்டுக் கூறோம். அவர்கள் காத்தது பொடியையன்று, பெருமையை.

நம் நாட்டில் செல்வர் வெள்ளியும், நடுத்தரத்தார் பித்தளையும் கொண்டனர். பித்தளையில் நெய்ப்பொடி நாட்பட இருந்தாற் பச்சைக் களிம்பு ஏறும். அக்களிம்பு மூக்கிற் புகாமைக்கு உட்புறம் ஈயம் பூசுவித்தனர். அடுக்களைப் பாத்திரங்களுக்குப் பூசுவது போன்றே. ஈயம் என்னும் இச்சொல்லை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்வாராக.

பின்னர்த் தகரம் வந்தது. சங்கப் புலவர் காலத்தில் தகரம் என்றது மகளிர் கூந்தலுக்கு மணமூட்டும் நறும்பொருளை. இன்று அச்சொல்லைக் கேட்டால் நமக்குக் கூரையும் டப்பாவுமே தோன்றுகின்றன. டப்பா வடசொற்றிரிபுமன்று, தமிழுமன்று. வடநாட்டு வழக்கிலிருந்து வந்தது. நம் ஊர்க்குப் பெயர் தந்த மறைமலையடிகளார் முன்னிலையில் அதனைச் சொல்ல நாணவேண்டும். சிமிழ், செப்பு, பேழை என மூன்று நற்சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. எனினும் கடைக்குச் சென்று "பொடிப்பேழை தருக" என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அடியேன் பரிசோதித்தே கூறுகின்றேன்.

தகரடப்பா என்பது இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் மெல்லிதாய்ப் பூசப்பட்டது. அதற்குரிய தகட்டை வெளிநாட்டினின்று வருவித்த நிலை மாறி, 1920இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தகரத்தகட்டுக் கம்பெனி 1922 முதல் ஜாம்ஷெட்பூரில் தகடு வார்க்கலாயிற்று. பழைய பத்திரிகைகளைப் புரட்டுவோர் டி. ஏ. எஸ். ரத்தினம் பட்டணம் பொடி முதலிய விளம்பரங்களைக் கண்டிருப்பர். ஊர்ப்பெயரும் வாணிகர் பெயரும் பொடியோடு ஒட்டிக்கொண்டு நெடுந்தூரம் செல்லுதற்குத் தகரடப்பாவே துணைசெய்தது. ஆனால் மூடியைத் திறந்து திறந்து மூட, விளிம்பில் ஈயப்பூச்சுத் தேயும், இரும்பு வெளிப்படும், வியர்வை விரல் பட்டுத் துருவேறும், துருவும் நெய்யும் பொடியும் கூடிப் பசைபோல் இறுகும். அப்பொழுது டப்பா தன் உடையவரையே அறியாததாகிவிடும். பற்கொண்டு கடிப்பார், காசு விளிம்பால் நெம்புவார், சுவரில் அடிப்பார், இறுதியில் மூடி தெறிக்கப் பொடியனைத்தும் வேட்டியிற் கொட்டக் காண்பார்.

அலுமினியத்துக்கும் சென்னைக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. சென்னைக் கலைத்தொழிற் பாடசாலையில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். இலேசானது, துருவேறாதது, களிம்பேறாதது என்று மக்கள் அதனை விரும்பினர். ஆனால் ஈரமுற்ற சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். சுண்ணாம்பு டப்பாவின் அடியில் அம்மைத்தழும்பு போற் பள்ளங்கள் விழுவதை வெற்றிலை போடும் பாட்டிமார் அறிவர். சுண்ணாம்பு கலந்த பொடி ஈரம்பட்டு நெடுநாட் கிடப்பின் அதற்கும் அக்கதியே.

டப்பாவின் தொல்லையில் வேடிக்கையானதொன்றும் உண்டு. சில ஆண்டுகட்கு முன் மாணாக்கரை உதகமண்டலத்துக்கு அழைத்துச் சென்றபோது, உடன்வந்த முதிய ஆசிரியர் ஒருவர் செங்கற்பட்டிற் புறப்படுமுன் தம் டப்பாவை நிரப்பி இறுக மூடியிருந்தார். விளிம்பில் நெய்ப்பசை ஏறிக் காற்றுப் புகாதபடி அடைத்திருந்தது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுடையது; ஆங்குக் காற்றின் அழுத்தம் நம் சமவெளியிலிருப்பதில் முக்காற்பங்கே. ஏரிக்கரையில் அமர்ந்து அவர் மூடியை நெம்பவே, உள்ளடைந்த சமவெளிக்காற்று மூடியை உந்த, பொடி புகையெனக் கிளம்பிற்று. அவ்விசிப்பலகையில் இருந்த எண்மரும் ஒருமிக்கத் தும்மினோம். திரும்பும்போது குளிரில் மூடிய டப்பாவைச் செங்கற்பட்டில் திறக்கவே முடியவில்லை. இம்முறை வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டது. மறுநாள் வகுப்பில் காற்றழுத்தப் பாடத்தை நடத்த அடியேன் வேறு எடுத்துக்காட்டுத் தேடவில்லை.

இனி அங்கத்தினர் கொணர்ந்த சிமிழுக்கு வருவாம். நெம்புதல் கூடாதென்று முதலிற் கூறினேன். நெம்பினால் விளிம்பு நெளியும், பின்னர் ஒருபோதும் பொருந்தாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடியின்மேல் மட்டும் சுற்றிவைத்தோம். சூடுபட்ட மூடி சிறிது விரியும். அடிக்கலம் குளிர்ந்தே இருக்கும். இடையிலுள்ள பழநெய்யும் இளகும். மூன்றுமுறை துணியை மாற்றி, மரக்கரண்டியின் காம்பால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டி, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு திருகவே மூடி கழன்றது. அன்னையார் கண்ணில் நீர் ததும்பியது. உள்ளே கரும்பாறை போல் இறுகிய பொடி. நாற்பதாண்டு கடந்தும் ஒரு மெல்லிய வாடை இருந்தது.

பொடிக்கட்டியை நீக்கியபோது, பித்தளையின் உட்புறம் சாம்பல்நிறத் தகடொன்று அச்சுப்போற் பதித்திருக்கக் கண்டோம். தகட்டின்மேல் வெண்மையான பூச்சுப் படர்ந்திருந்தது. "இது ஈயந்தான், தம்பி, கெடுதலில்லை. எங்கள் வீட்டில் ஈயச்செம்பில்தான் ரசம் வைப்போம்" என்றார் அன்னையார். "தாத்தா தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் தாளைக் கத்தரித்துத் தாமே ஒட்டியதாக அப்பா சொல்வார்" என்றார் அங்கத்தினர். அம்மொழி கேட்டு அடியேன் திடுக்கிட்டேன்.

தமிழில் ஈயம் என்னும் ஒரு சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கின்றது. வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. ரசம் வைக்கும் செம்பும் பாத்திரப்பூச்சும் வெள்ளீயம், அது தீங்கற்றது. காரீயம் நஞ்சு. வெள்ளீயமென்று நம்பிக் காரீயம் கலந்த செம்பை வாங்கி ஏமாறுவாரும் உளர். பழைய தேயிலைப் பெட்டிகளின் உட்பொதிந்த தாள் பெரும்பாலும் காரீயத்தாள். ஈரம் புகவிடாது, வளைத்தபடி வளையும், விலையின்றிக் கிடைக்கும். ஆதலின் உலகெங்கும் பொடிக்காரர் அதனை விரும்பினர். ஐரோப்பாவிலும் பொடியைக் காரீயத்தாளிற் பொதிந்தே விற்றனர். 19ஆம் நூற்றாண்டில், பொடி போடுவோர் சிலருக்குத் தீராத வயிற்றுவலியும் கை மணிக்கட்டின் வலியிழந்து தொங்குதலும் வர, மருத்துவர் ஆராய்ந்து, குற்றம் தாளினின்று பொடியில் ஏறிய காரீயத்தது என்று கண்டனர். ஈறுகளில் நீலக்கோடு தோன்றுதல் இந்நஞ்சின் அடையாளமென்பதை 1840இல் இலண்டன் மருத்துவர் பர்ட்டன் வெளியிட்டிருந்தார். செர்மானியர் 1887ஆம் ஆண்டு சூன் 25இல் இயற்றிய சட்டத்தில், நூற்றுக்கு ஒரு பங்கின் மேல் காரீயமுள்ள தாளில் மூக்குப்பொடியையும் மெல்லும் புகையிலையையும் பாற்கட்டியையும் பொதிதல் கூடாதென்று விதித்தனர். நம் பொடியிற் சுண்ணாம்பு வேறு உண்டு. ஈரச்சுண்ணாம்பு காரீயத்தை அரிக்குமென்பது கட்டடத் தொழிலாளர் நன்கறிந்தது. தகட்டின்மேற் கண்ட வெண்பூச்சு அவ்வரிப்பின் விளைவே.

ஐயந்தீரும் பொருட்டு, தகட்டின் ஓரத்தை வெள்ளைத்தாளில் தேய்த்துப் பார்த்தோம். பென்சிற்கோடு போற் கருஞ்சாம்பற்கோடு விழுந்தது. காரீயம் அவ்வாறு எழுதும், வெள்ளீயம் எழுதாது. வெள்ளீயத் தகட்டை வளைத்தால் மெல்லிதாய் முறுமுறுக்கும் ஒலி எழும், இதில் எழவில்லை. இவை வீட்டில் செய்யும் முதற்சோதனைகளே, கலப்புலோகமாயின் ஏமாற்றும், உறுதி வேண்டுவோர் ஆய்வகத்திற் கொடுத்தே அறிதல் வேண்டும்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின் அன்னையார், "மாமனாருக்குக் கடைசி ஆறேழு வருடம் வயிற்றுவலி தீரவேயில்லை. பார்க்காத வைத்தியமில்லை. வலக்கை சோர்ந்து தொங்கிவிடும். சோறு பிசைய வராது. நான்தான் பிசைந்து கொடுப்பேன். வாதம் என்றார்கள்" என்று கூறினார். நாற்பதாண்டுகட்கு முன் மறைந்தவரின் நோயை இன்று எவரும் அறுதியிட்டுக் கூறவியலாது, அடியேன் மருத்துவனுமல்லேன். அதனையே அவரிடம் கூறினேன். ஆனால் அச்சிமிழில் திருநீறு வைக்கலாகாதென்பதை ஐயமின்றிக் கூறினேன். நீற்றை நெற்றியில் இடுவதோடு குழந்தைகளின் நாவிலும் ஒரு துளி இடுவது நம் வழக்கம்; அவ்வீட்டில் இரண்டு வயதுப் பெண்குழந்தை உண்டு. காரீயம் பெரியோரினும் குழந்தைகளையே மிகுதியாகக் கெடுக்கும். அவர்தம் மூளை வளர்ச்சியைத் தாக்கும்.

நம் அங்கத்தினர் இல்லங்களிற் பரணிலும் பெட்டியடியிலும் இத்தகைய சிமிழ்கள் இன்னும் பல இருத்தல் கூடும். உட்புறம் சாம்பல்நிறத் தகடு பதித்தவற்றை உணவுக்கும் மருந்துக்கும் நீற்றுக்கும் குங்குமத்துக்கும் பயன்படுத்தற்க. மணல் கொண்டு தேய்த்துத் துலக்கவும் வேண்டா, தேய்த்த தூளே கேடு செய்யும். ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை எறிந்து, கையைச் சோப்பிட்டுக் கழுவுக. இன்னும் பொடி போடும் முதியோர் உள்ள வீட்டார்க்கு ஒரு சொல். சிறிதளவே வாங்கி, பீங்கானிலேனும் கண்ணாடியிலேனும் இறுக மூடி, இருட்டிலும் குளிர்ச்சியிலும் வைத்தல் நன்று. பழம்பொடியின்மேற் புதுப்பொடியைக் கொட்டலாகாது. எல்லாவற்றினும் முதலாவதாகக் குழந்தைகள் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். மிட்டாய் டப்பா என்று அவை எடுத்து வாயிலிடின் நிக்கோட்டின் அக்கணமே நஞ்சாம். பொடியை அடியேன் பரிந்துரைக்கின்றேன் என்று எவரும் கொள்ளற்க. அளவிறந்து பொடி போட்டோர்க்கு மூக்கிற் புற்று உண்டானதை இலண்டன் மருத்துவர் ஜான் ஹில் 1761இலேயே எழுதினார். நம் அரசாங்கமும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூக்குப்பொடியைப் புகையிலைப் பொருள்களோடு சேர்த்தே அடக்கியிருக்கின்றது.

மகன் மறுபடியும் வந்திருந்தான். சிமிழை அப்படியே ஒரு கண்ணாடிப் பேழைக்குள் அடைத்துக் கூடத்துச் சுவரில் மாட்டியிருப்பதாகவும், மூடியிலுள்ள தாமரையைப் பார்த்துத் தன் தொழிற்சாலையில் எவர்சில்வர் தகட்டில் புதிய சிமிழொன்று வடித்துப் பாட்டியிடம் கொடுத்ததாகவும் சொன்னான். பாட்டியார் அதில் நீறிட்டு, மூடியை நான்கைந்துமுறை திறந்தும் மூடியும் பார்த்துவிட்டு, "சற்று இறுக்கமாயிருக்கிறது, உன் கொள்ளுத்தாத்தாவுடையது போலவே" என்றாராம்.